சகலையின் சிலந்தி

ஊர் தன்னைப் பூச்சி வக்கீல் என்று கூப்பிட்டதில் அவருக்கு வருத்தம் இல்லை. பட்டப்பெயர் இல்லாத வக்கீலைத் தேடிக் கட்சிக்காரன் வரமாட்டான் என்று அவரே சொல்லுவார். வருத்தமெல்லாம் அந்தப் பெயருக்கு முன்னால் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட 'சின்ன' என்ற ஒரு சொல்லால்தான். கோர்ட்டு வாசலில் யாராவது வந்து, "பூச்சி வக்கீல் எங்க இருப்பாரு?" என்று கேட்டால், சேவகன், "பெரியவரா, சின்னவரா?" என்று திருப்பிக் கேட்பான். அது காதில் விழும்போதெல்லாம் அவருக்கு வயிறு பற்றி எரியும். சிலந்தி பிடிக்க ஆரம்பித்தது அவர். இந்த ஊரில் முதன்முதலில் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்று, பைத்தியம் என்று பேர் வாங்கியதும் அவர். அவர் எப்படிச் சின்னவர் ஆனார்?

ஆனார், ஏனென்றால் பெரியவர் அவருடைய சகலை. மனைவியின் அக்காவைக் கட்டியவர். மாமனார் வீட்டில் அவர் பெரிய மாப்பிள்ளை, இவர் சின்ன மாப்பிள்ளை. போதாததற்கு அவர் ஆறடி உயரம். இவர் எக்கி நின்றால் அவருடைய தோளுக்கு வருவார். ஊரார் வாயை மூட உலைமூடி ஏது? அவர் மன்னிக்கட்டும், சொல்ல வசதியாக இருப்பதால் நாமும் சின்னவர் என்றே சொல்லிக்கொள்வோம்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. சின்னவர் கறுப்புக் கோட்டு மாட்டிய புதிதில் ஒரு சுவர்த் தகராறு வழக்கு அவர் கைக்கு வந்தது. பதினான்கு வாய்தா போயிற்று. ஒவ்வொரு வாய்தாவுக்கும் காலையில் போய்ச் சாயங்காலம்வரை கோர்ட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேச ஆள் இல்லை, படிக்க வெளிச்சம் இல்லை. எதிரே இருந்த காரை பெயர்ந்த சுவரில் ஒரு சிலந்தி இருந்தது. வலை பின்னுகிற ஜாதி இல்லை அது. பூனை மாதிரி பதுங்கி, ஈ அசந்த நேரம் பார்த்துத் தாவிப் பிடிக்கிற ஜாதி. ஒருநாள் அது அவரைத் திரும்பிப் பார்த்தது. தலையை நிமிர்த்தி, முன்வரிசையில் இருந்த இரண்டு பெரிய கண்களால் நேராகப் பார்த்தது. எந்த நீதிபதியும் அதுவரை அவரை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. வழக்கில் தோற்றார். ஆனால் அந்தச் சிலந்தி என்ன தின்னும், எங்கே தூங்கும், எப்போது சட்டை உரிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டு முன்னறையில் தோல் அட்டை போட்ட சட்டப் புத்தகங்களுக்கு நடுவே குப்பிகள் வர ஆரம்பித்தன. உயிரோடு இருப்பவற்றுக்கு வாயில் பஞ்சு அடைத்த குப்பி, செத்தவற்றுக்கு ஸ்பிரிட் ஊற்றிய குப்பி. ஒவ்வொன்றிலும் விரல்நகம் அளவுக்கு ஒரு சீட்டு: பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர். மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"சமையக்கட்டுப் பக்கம் ஒண்ணு வந்துச்சு, நான் தொடப்பத்தை எடுத்துருவேன். அப்புறம் அதுக்கு என்ன பேரு, அது யாரு புள்ளைன்னு எங்கிட்ட கேக்காதீங்க."

கோர்ட்டில் சின்னவருக்கு வாதத் திறமை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. குரல் எடுபடாது. ஆனால் தேதி விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது. மூன்று வருஷத்துக்குள் போட வேண்டிய வழக்கை எவனாவது மூன்று வருஷமும் ஒரு நாளும் கழித்துப் போட்டிருந்தால் தீர்ந்தது. சின்னவர் எழுந்து நின்று தேதியைக் காட்டுவார்; வழக்கு அங்கேயே செத்துப்போகும். கட்சி நியாயமா, அநியாயமா என்ற பேச்சே எழாது. ஒருமுறை வீட்டைப் பறிகொடுத்த ஒரு விதவை தாழ்வாரத்தில் அவரை மறித்துக்கொண்டு, "ஒரு நாள்தானே சாமி பிந்துச்சு, ஆத்துல வெள்ளம் வந்துருச்சே," என்று அழுதாள். "ஒரு நாளும் நாள்தாம்மா," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த நிலையில்தான் சகலை இந்த ஊருக்கே தொழில் செய்ய வந்து சேர்ந்தார். வந்த மூன்றாம் நாள் சின்னவர் வீட்டுக்கு வந்து, அலமாரியைப் பார்த்து, லென்ஸை வாங்கிக் கண்ணில் வைத்தார்.

"இதென்ன சகல, இவ்வளவு அழகா இருக்கு? இத்தனை நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

அன்றைக்குச் சின்னவருக்குப் பெருமை பிடிபடவில்லை. உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டினார். எப்படிப் பிடிப்பது, எப்படிப் பதப்படுத்துவது, கடல் தாண்டி இருக்கிற பெரிய மியூசியத்தில் சிலந்திகளுக்கென்றே இருக்கும் பேராசிரியருக்கு எப்படி அனுப்புவது என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சாயங்காலத்தை நினைத்து நினைத்துப் பிற்பாடு அவர் தன்னையே கரித்துக் கொட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சம் இல்லை. ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனுஷனைக் கடித்த கதைதான். மாமனார் வீட்டில் முதல் மரியாதை அவருக்கு, கோர்ட்டில் நீதிபதியின் சிரிப்பு அவருக்கு, மிச்சம் இருந்தது இந்தச் சிலந்தி ஒன்று. அதிலும் கை வைத்துவிட்டார்.

வைத்தவர் கஷ்டப்பட்டாவது வைத்தாரா? அதுவும் இல்லை. சின்னவர் விடுமுறை நாளில் மூன்று மைல் நடந்து, செடி செடியாக உதறி, முள் கிழித்து, வெறுங்கையோடு திரும்புவார். பெரியவர் வீட்டு வாசலில் சாய்வு நாற்காலியில் கால்நீட்டிப் படுத்திருப்பார். சிலந்தி தானாக அவர் கோட்டுப் பைக்குள் வந்து இறங்கும். "பாருங்க சகல, எங்கிருந்தோ வந்துச்சு," என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் விஷம் கிடையாது. இருந்திருந்தால் சின்னவர் அவரை நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

ஒரு மழைக்காலத்தில், ஒரே வாரத்தில், இருவருக்கும் இதுவரை யாரும் பார்த்திராத சிலந்தி ஒன்று ஆளுக்கு ஒன்றாகக் கிடைத்தது. சின்னவருக்கு ஒரு வேலியில் கிடைத்தது பழுப்பு நிறம், சற்றுப் பருமன், உடம்பெல்லாம் சாம்பல் நிற ரோமம். அவருக்குத்தான் முதலில், செவ்வாய்க்கிழமை. பெரியவருக்கு வெள்ளிக்கிழமை. அவருடையது சிறியது, கன்னங்கறுப்பு, முதுகில் நீலம் ஓடுகிற வெள்ளைக் கோடு. தொப்பி விளிம்பில் வந்து உட்கார்ந்திருந்ததாம்.

பெரியவர் அன்றைய வழக்குப் பட்டியல் காகிதத்தின் பின்பக்கத்தில், "இந்தக் கறுப்புப் பயல் யாரென்று பார்த்துச் சொல்லவும்" என்று ஒரு வரி கிறுக்கி, குப்பியைப் பஞ்சில் சுருட்டி, சாயங்காலத் தபாலிலேயே அனுப்பிவிட்டார். சின்னவரால் அப்படிச் செய்ய முடியுமா? அவர் வக்கீல் அல்லவா? மியூசியப் பேராசிரியருக்கு எழுதும் கடிதத்தைப் பிராது எழுதுவதுபோல எழுதினார். இருபத்தொரு பத்தி, ஒவ்வொன்றுக்கும் எண், மூன்று இணைப்பு, சிலந்தி கிடைத்த வேலியின் வரைபடம். குமாஸ்தா அதை மூன்று முறை சுத்தப் பிரதி எடுத்தார். மூன்றாவது பிரதியிலும் ஒரு அடித்தல் இருந்ததால் நான்காவது. எல்லாம் முடிந்து கடிதம் தபாலாபீஸுக்குப் போவதற்குள் இரண்டு தபால் கப்பல்கள் புறப்பட்டுப் போய்விட்டன.

ஆனாலும் குறை ஒன்றும் வரவில்லை. பேராசிரியர் இரண்டையும் புதிய இனங்கள் என்று ஒப்புக்கொண்டு, இருவருடைய குடும்பப் பெயர்களையும் எடுத்து, ஆளுக்கொரு லத்தீன் வாலை ஒட்டி, மியூசியத்தின் சஞ்சிகையில் அச்சிட்டார். பெரியவருடையது ஒரு இதழில் வந்தது. சின்னவருடையது மூன்று மாதம் கழித்து அடுத்த இதழில். வேறு வேறு இனமாக இருக்கும்போது யார் முந்தினால் என்ன? சின்னவர் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அவர் பிழைத்தது அந்தப் பக்கத்தால்தான் என்றே சொல்லலாம். சர்க்கார் வக்கீல் பதவி இரண்டு பேரில் ஒருவருக்கு என்று வந்தபோது அது பெரியவருக்குப் போயிற்று. அவர் இரட்டைக் குதிரை வண்டி வாங்கினார். அவருக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் படிப்பில் சுட்டி. இவருக்குப் பிள்ளை இல்லை. மாமியார் கடிதம் போட்டால் முதல் பக்கம் முழுக்கப் பெரிய மாப்பிள்ளை சுகமா என்று இருக்கும். மடிப்பின் ஓரத்தில் 'சின்னவரையும் கேட்டதாகச் சொல்' என்று ஒரு வரி. ஒவ்வொரு தடவையும் சின்னவர் கண்ணாடிச் சட்டத்துக்கு முன்னால் போய் நிற்பார். இதில் நாம் சமம் என்று சொல்லிக்கொள்வார். வேறு எதில் வேண்டுமானாலும் அவர் பெரியவராக இருந்துகொள்ளட்டும். உலகம் உள்ளவரை ஒரு சிலந்திக்கு அவர் பெயர், இன்னொன்றுக்கு என் பெயர். நியாயமாகப் பார்த்தால் என்னுடையது சைஸில் பெரிசு.

ஒன்பதாவது வருஷம், வெள்ளை அடிப்பதற்காக அந்தச் சட்டத்தைக் கழற்றியபோது, அதன் முதுகுப் பக்கத்தில் பட்டு நூலால் கட்டிய ஒரு கூடு இருந்தது. உள்ளே ஒரு முட்டைப் பொதி. பக்கத்தில் காவல் இருந்த தாய், பழுப்பு நிறம், சாம்பல் ரோமம். சாட்சாத் அவர் பெயர் வைத்த சிலந்தியேதான். ஊரில் எத்தனையோ சுவர் இருக்க, தன் பெயர் அச்சான தாளுக்குப் பின்னால் வந்து குடியேறியிருக்கிறதே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா, பிறந்த வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருக்கா," என்றார் மனைவியிடம்.

கூட்டோடு எடுத்து ஒரு குப்பியில் வைத்தார். குஞ்சு பொரித்ததும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் ஆளுக்கொரு குப்பியில் பிரித்துப் போட்டார். மனைவி பழத்தோலைக் கொல்லையில் வைத்து, மொய்க்கிற சின்ன ஈக்களைப் பிடித்துக் கொடுத்தாள். சட்டை உரித்து உரித்து வளர்ந்ததில் பதினொன்று தேறின. எல்லாம் ஒரே மாதிரி மங்கின பழுப்பு. பிறகு ஒருநாள் காலை, கோர்ட்டுக்குப் புறப்பட்டுக் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டே குப்பிகளை ஒரு பார்வை பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். ஏழாவது குப்பியில் உரித்துப்போட்ட சட்டைக்குப் பக்கத்தில் கன்னங்கறுப்பாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. முதுகில் நீலம் ஓடுகிற வெள்ளைக் கோடு.

ஒரு வாரத்தில் இன்னும் மூன்று கறுப்பாயின. மற்ற ஏழும் பழுப்பாகவே நின்றன. தாய் ஒருத்தி, முட்டைப் பொதி ஒன்று. பிள்ளைகளில் ஏழுக்கு இவர் பெயர், நாலுக்குச் சகலையின் பெயர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பழுப்பு பெண், கறுப்பு ஆண். இரண்டு இனம் என்று பேராசிரியர் பெயர் வைத்தது ஒரே இனத்துப் புருஷன் பெண்டாட்டிக்கு. ஒரு இனத்துக்கு இரண்டு பெயர் இருக்க முடியாது. எது முதலில் அச்சானதோ அதுதான் செல்லும், மற்றது தள்ளுபடி. சின்னவருக்கு இந்த விதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் சோறு தின்றதே அதில்தானே. மூன்று மாதம். இருபத்தொரு பத்தி.

குப்பிகளைத் தூக்கிக் கட்சிக்காரர் பத்திரங்கள் வைக்கிற அலமாரியில் வைத்துப் பூட்டினார். மனைவி ஈ பிடித்துக்கொண்டு வந்தவள், பூட்டின அலமாரியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கண் உண்டு. அந்தக் கறுப்பை அவளும் பார்த்திருந்தாள்.

"அப்ப உங்களது பொம்பளை, அத்தானோடது ஆம்பளையா?"

"சத்தம் போடாதே."

"இதுல என்ன சத்தம்? ஊர்ல எல்லாரும் சகலையா இருப்பாங்க, நீங்க ரெண்டு பேரும் சம்பந்தியும் ஆயிட்டீங்க. எழுதிப் போட வேண்டியதுதானே."

"எழுதினா என் பேரு போயிரும்."

அவள் ஈக் குப்பியை மேஜைமேல் வைத்தாள். "இல்லாததைச் சொன்னாத்தான் பொய்யா? இருக்கறதை மறைக்கறதும் அதுதானே?"

"கூப்பிடாத சாட்சி பொய்ச் சாட்சி ஆகாது," என்றார் சின்னவர். "யாரும் என்னைக் கேக்கலை."

சட்டப்படி அது சரிதான். ஆனால் மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். இனி அவருக்கு ஒரே கவலை: சகலைக்கு இது தெரிந்துவிடக் கூடாது. அந்த மனுஷனோ ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாலே எல்லாம் தேடி வருகிற ஜாதகம். என்றைக்காவது ஒரு முட்டைப் பொதியை எடுத்து விளையாட்டாகக் குப்பியில் போட்டுவைத்தால் போதும், ஒன்பது வருஷத்துச் சமம் நொடியில் போய்விடும். ஆகவே சின்னவர் சகலை வீட்டுக்கு அடிக்கடி போக ஆரம்பித்தார். அதுவரை கூப்பிட்டால்கூடப் போகாதவர், இப்போது வாரம் தவறாமல் போனார். பெரியவர் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள், வாசல் தாழ்வாரத்துச் சுவரில் பட்டுக் கூடு எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் குடை நுனியால் சுரண்டித் தள்ளினார். நாலு பேருக்கு நடுவே தேதியைக் காட்டி நிமிர்ந்து நின்ற மனுஷன், திருடன் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு சுவர் சுரண்டினார் என்றால், பொறாமை ஆளை எந்த வேலைக்கு வைக்கும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

ஒருமுறை மனைவியின் அக்கா பார்த்துவிட்டாள்.

"என்ன தம்பி, சுவரைத் தொடைக்கிறீங்க?"

"ஒட்டடைக்கா. கோட்டுல ஒட்டிக்குது."

அடுத்த வாரம் போனபோது அந்தச் சுவரோரமாக ஒரு முக்காலி கிடந்தது. சின்னவருக்குச் சௌகரியமாகப் போயிற்று. உத்தரத்துக்குக் கீழே எட்டாமல் இருந்த கூடுகளையும் அதில் ஏறி நின்று தட்டினார். இப்படி இரண்டு வருஷம்.

பிறகு பெரியவர் ஒருநாள் கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவில்லை. செய்தி வந்தபோது சின்னவருக்கு முதலில் தோன்றியது 'இனி அவருக்குத் தெரியாது' என்பதுதான். தோன்றிய மறுகணம் தன் மேலேயே அருவருப்பு வந்து, முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். பார்த்தவர்கள், இவ்வளவு பாசமா என்று வியந்தார்கள். இரண்டு வாரம் கழித்துக் கோர்ட்டு வாசலில் ஒரு கிழவன் வந்து பூச்சி வக்கீலைக் கேட்டான். சேவகன், "சின்னவரைத்தானே? பெரியவருதான் போயிட்டாரே," என்றான். ஆள் போன பிறகும் அந்தச் 'சின்ன' போகவில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வண்டியில் ஒரு பெட்டியை ஏற்றி அனுப்பினாள். பெரியவருடைய குப்பிகள், சீட்டு பாதிக்கு மேல் கிடையாது. அடியில் நாலைந்து நோட்டுப் புத்தகம். சலவைக் கணக்கும் சிலந்தியும் கலந்துகட்டி எழுதிய நோட்டுகள். சின்னவர் ஏளனமாகத்தான் புரட்டினார். மூன்றாவது நோட்டில், எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதிக்குக் கீழே, அந்தக் கிறுக்கல் கையெழுத்து இப்படி ஓடியது:

'ஒரே கூடு. பதினெட்டுக் குஞ்சு. பதினொன்று பழுப்பு, ஏழு கறுப்பு. ஆக என்னுடையவன் புருஷன், சகலையுடையவள் பெண்டாட்டி. என் தேதி முந்தி. எழுதினால் அவர் பெயர் அடிபட்டுப்போகும். பாவம், அவருக்கு வேறு என்ன இருக்கிறது? இருக்கட்டும்.'

சின்னவர் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. எட்டு வருஷமாகச் சமம் சமம் என்று நினைத்துக்கொண்டு அந்தச் சட்டத்துக்கு முன்னால் போய் நின்றது அத்தனையும் அந்த மனுஷன் போட்ட பிச்சை. 'பாவம்' என்கிறான். 'வேறு என்ன இருக்கிறது' என்கிறான். அடித்திருந்தால் திருப்பி அடிக்கலாம். இதற்கு என்ன செய்வது? நன்றி வரவேண்டிய இடத்தில் அவருக்குப் பொறாமைதான் வந்தது, இதுவரை வந்த எல்லாவற்றையும்விடப் பெரிய பொறாமை. கொடுத்துவிட்டு, கொடுத்ததைச் சொல்லாமலும் இருந்துவிட்டுப் போக ஒருத்தனால் முடியுமா? இத்தனை வருஷம் சிரித்துக்கொண்டே இருந்தானே.

"எனக்கு இந்தப் பேரு வேண்டாம்," என்று சத்தமாகவே சொன்னார். உள்ளே இருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

அப்போதே உட்கார்ந்து பேராசிரியருக்கு எழுதினார். இரண்டும் ஒரே இனம், என் பெயர் பிந்தியது, தள்ளிவிடவும். ஒரே பத்தி. எழுதி முடித்ததும் வக்கீல் மூளை விழித்துக்கொண்டது. இதை முதலில் கண்டுபிடித்தது யார் என்று எழுதுவது? தன்னுடைய பதினொரு குப்பியையும் தன் தேதியையும் மட்டும் எழுதினால், கண்டுபிடித்தவர் என்ற பேரும் கிடைக்கும், தன் பெயரைத் தானே வெட்டிக்கொண்ட உத்தமன் என்ற பேரும் கிடைக்கும். சகலையைக் கடைசியில் ஒன்றிலாவது தோற்கடித்ததாகும். நோட்டைப் பார்த்தவர் தன்னைத் தவிர யாரும் இல்லை. அந்தக் கடிதத்தைச் சுத்தமாக எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

ஆனால் அனுப்ப முடியவில்லை. தேதி குறுக்கே வந்து நின்றது. அந்த நோட்டில் ஒரு தேதி இருக்கிறது, அது தன்னுடையதற்கு ஆறு வருஷம் முந்தியது. ஒரு நாள் பிந்தினதற்கு அந்த விதவையின் வீட்டைப் போகவிட்டவர் அவர். ஒரு நாளும் நாள்தான் என்றால் ஆறு வருஷம் என்ன? நல்ல மனசால் அல்ல, முப்பது வருஷப் பழக்கத்தால் அவர் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். சகலையின் தேதியையும் எண்ணிக்கையையும் அப்படியே எடுத்துப் புதிதாக எழுதினார். முதலில் கண்டவர் அவரே.

நோட்டில் 'எழுதினால்' என்று தொடங்கும் அந்தக் கடைசி வரிகளை மட்டும் எழுதவில்லை. பெயரைக் கொடுத்தாயிற்று, கண்டுபிடிப்பையும் கொடுத்தாயிற்று. அந்தப் பெரிய மனசையும் ஏன் கொடுக்க வேண்டும்? அதை உலகம் படித்தால் 'வேறு என்ன இருக்கிறது' என்பதையும் சேர்த்தல்லவா படிக்கும்? நோட்டைப் பத்திர அலமாரியில் பூட்டினார். கடிதம் அன்றைக்குத் தபாலிலேயே போயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு கப்பலையும் தவறவிடவில்லை.

ஐந்து மாதம் கழித்துச் சஞ்சிகை வந்தது. பெரியவர் பெயர் தடித்த எழுத்தில் மேலே. சின்னவர் பெயர் அதற்குக் கீழே பொடி எழுத்தில், செல்லாத பெயர் என்ற குறிப்போடு. இனி அவர் பெயர் எந்தப் புத்தகத்தில் வந்தாலும் சகலையின் பெயருக்குக் கீழேதான் வரும். இதையும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவிட்டார். அதற்கு அடுத்த வரிதான் விஷயம். காலஞ்சென்ற அந்த வக்கீல் இதை எட்டு ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்தும், கவனக்குறைவால் தெரிவிக்காமல் விட்டுவிட்டார் என்று பேராசிரியர் எழுதியிருந்தார்.

புருஷன் பெயர் அச்சாகியிருக்கிறது என்று கேள்விப்பட்டு அக்கா வந்தாள். முன்னறையில் உட்கார்ந்து, சின்னவரையே படித்துத் தமிழில் சொல்லச் சொன்னாள். கவனக்குறைவு என்ற இடத்தைச் சின்னவர் முழுங்கப் பார்த்தார். மனைவி கதவோரம் நின்றபடி, "விட்டுட்டீங்களே, நேத்து எனக்குப் படிச்சீங்களே," என்றாள். படித்தார்.

அக்கா சஞ்சிகையைக் கையில் வாங்கிக்கொண்டாள். "அவரு சோம்பேறிதான், நான் இல்லைன்னு சொல்லலை. சீட்டு எழுத மாட்டாரு, சட்டைப் பொத்தானைப் பூட்ட மாட்டாரு. ஆனா இது அவ்வளவு பெரிய விஷயம்னா ஏன் தம்பி எழுதாம விட்டாரு? பிள்ளைங்க நாளைக்குப் படிச்சா, அப்பன் அஜாக்கிரதைன்னுதானே நினைப்பாங்க? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். எதனால இருக்கும்?"

வேலை அதிகம் என்று சொல்லியிருக்கலாம். மறந்திருப்பார் என்று சொல்லியிருக்கலாம். அந்த மனுஷனைத் தெரிந்த யாரும் நம்பியிருப்பார்கள். சின்னவர் மனைவியைப் பார்த்தார். கூப்பிடாத சாட்சி பொய்ச் சாட்சி ஆகாது என்று அவளிடம்தான் சொல்லியிருந்தார். இப்போது கூப்பிட்டாயிற்று.

"எழுதினா என் பேரு போயிரும்னு விட்டுட்டாருக்கா," என்றார். அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தார். "எனக்கு வேற ஒண்ணும் இல்லைன்னு விட்டுட்டாரு. நோட்டுல எழுதி வெச்சிருக்காரு. எங்கிட்டதான் இருக்கு."

எழுந்து போய் அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தார். அக்கா எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். 'இருக்கட்டும்' என்ற இடத்தில் விரலை வைத்தபடியே இருந்தாள்.

"இந்தக் கூடு அவரு கண்ணுல படக் கூடாதுன்னுதான் நீங்க வாராவாரம் வந்து எங்க சுவரைச் சுரண்டினீங்களா?"

சின்னவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"நான் அன்னிக்கே அவருகிட்ட சொன்னேன். தம்பி ஒட்டடை அடிக்கிறாரு, என்னன்னு தெரியலைன்னு. உள்ள நின்னு சிரிச்சாரு. 'பாவம், மேல எட்டாது, ஒரு முக்காலி எடுத்துப் போட்டு வை'ன்னாரு."

கதவோரம் நின்ற மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று சின்னவர் பார்க்கவில்லை. அவர் சட்டத்துக்குள் இருந்த பழைய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் அந்த முக்காலியில் ஏறியிருக்கிறார். ஒரு தடவைகூட அதை யார் போட்டது என்று யோசிக்கவில்லை.

"அது இப்ப எங்கக்கா இருக்கு?"

"எது, முக்காலியா? அங்கேயேதான் கிடக்கு."